மூன்று கோயில், ஒரு அருவி

"'ஏளா, கையை விடு. நான் என்ன சந்தையில புடிச்ச ஆடா?' அப்படிங்காக, அம்மா. வார்த்தைக்கு வார்த்தை இதேதான். கோயில் வாசல்ல, நாலு பேர் முன்னால."

சொல்லிவிட்டு வடிவு, பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடு கேக்கது நியாயம்தானே, அக்கா" என்றாள் முன் சீட்டில் இருந்த பூரணத்தம்மை.

டிரைவர் சாகுல் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று கண்ணாடியில் வடிவின் முகத்தைப் பார்த்தார். கூடாதுதான்.

கைக்குச் சொந்தக்காரர் இந்தப் பஞ்சாயத்தில் கலந்துகொள்ளவில்லை. வடிவின் வீட்டுக்காரர் காந்திமதிநாதன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஓடுகிற வயலையும் வாழையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். அம்பாசமுத்திரத்தில் எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த ஒன்றரை வருஷமாக அடுக்களையில் நின்றுகொண்டு குளியலறைக்கு வழி கேட்கிறார். இது படி இறங்குகிற மாதிரி, மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் திரும்ப ஏறாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவா மூன்று மணி நேரம் காக்க வைத்தார் என்பது வடிவின் தனிக் கோபம்.

பூரணத்தம்மைக்கு நாற்பத்து நாலு வயது. வடிவைவிடப் பதிமூன்று வயது சின்னவள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் அதை விட்டுவிட்டு, வாய்க்கால் ஓரத்தில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்களுக்கு மனசு லேசாயிற்று. வடிவு ஆறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் போகிறாள். அவளை அம்மா என்பாள். பூரணத்தம்மை வயசுக்கு மரியாதையாக இவளை அக்கா என்பாள். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறிடத்தில் இருந்தது. ஆறு மாதமாக வடிவு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவை கேட்டபோது பூரணத்தம்மை மோர் கொடுத்தாள். இரண்டாம் தடவை முருங்கைக் கீரையை முன்னால் வைத்து ஆயச் சொன்னாள். மூன்றாம் தடவை, மழை வரும் போலிருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்றாள். மழையும் வந்துதொலைத்தது.

ஆகவேதான் தனி வண்டி. ஒரு நாள், மூன்று கோயில், ஒரு அருவி. சாரல் காலத்து நெய்யருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் கலங்கின புத்தி தெளியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் வடிவின் கணக்கு அருவியை மட்டும் நம்பியது இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து பூரணத்தம்மை எங்கே எழுந்து போய்விட முடியும்?

முதல் கோயில் மலையடிவாரத்து முருகன். அங்கேயே கோளாறு ஆகியிருந்தது. அர்ச்சனைச் சீட்டை வடிவு நீட்டப் போனபோது, பூரணத்தம்மை அதை வாங்கிக் காந்திமதிநாதன் கையில் கொடுத்துவிட்டாள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவர் தன் கால்விரல்களைப் பார்த்தார். விபூதித் தட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டம் தொண்டையைச் செருமியது.

"சண்முகவடிவு" என்றார் கடைசியில். "உத்திரட்டாதி."

அது அவர் பேர் இல்லை, என் பேர் என்று வடிவு சொல்வதற்குள் குருக்கள் மந்திரத்தில் பாதி தூரம் போயிருந்தார். யாருக்காக வந்தோமோ அவருக்கு ஒரு அட்சதைகூட விழவில்லை. வண்டிக்கு வருகிற வழியெல்லாம் வடிவு புலம்பினாள். அந்தப் புலம்பலில்தான், வாசலில் அவர் கையை விடச் சொன்ன ஆட்டுக் கதையும் வந்தது.

"முதல் கோயில் வீணாப் போச்சு" என்றாள் இப்போது.

"யாருக்கு?" என்றாள் பூரணத்தம்மை.

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் செருகத் தொடங்கியிருந்தது. தலை ஜன்னலில் சாயும் வரை பொறுத்திருந்துவிட்டு, முன் சீட்டுப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, இன்னைக்கு நீங்க பதில் சொல்லாம நான் விடுதாப்புல இல்லை. என்னைக்காவது ஒருநாள் இவுக என் முகத்தைப் பார்த்து, நீ யாருன்னு கேப்பாக. அன்னைக்கு நான் யாரு?"

பூரணத்தம்மை காலடியில் இருந்த பைகளைப் பார்த்தாள். அப்புறம், முறுக்கு கொண்டுவந்தீர்களே, அது எந்தப் பையில் என்று கேட்டாள்.

இரண்டாவது, ஆற்றங்கரைச் சாஸ்தா கோயில். மரத்தடியில் பீடம், நாலு வேல், மண் குதிரை. இங்கே பெயரும் கேட்பதில்லை, நட்சத்திரமும் கேட்பதில்லை. பொங்கலிட வந்த ஒரு குடும்பம் அடுப்பு மூட்டத் தெரியாமல் புகையை வளர்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புகையிலும் வடிவு அவர் கையை விடவில்லை. ஒரு கை அவரிடம் மாட்டிக்கொள்ள, இன்னொரு கையால் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள். காலையிலிருந்து அது எட்டாவது தடவை.

அதில் என்ன என்று பூரணத்தம்மை கேட்டாள்.

வடிவு எடுத்துக் காட்டினாள். எடுத்து என்றால், பையோடு இழுத்துக் காட்டினாள். உள்ளே இருந்த விலாச அட்டையை அவள் பையோடு சேர்த்துத் தைத்திருந்தாள். தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறை வேறு. பெயர், தெரு, ஊர், இரண்டு போன் நம்பர். அதற்குக் கீழே, 'ஞாபகமறதி உள்ளவர். தனியாகக் கண்டால் தயவுசெய்து கூப்பிடவும்.' எல்லாச் சட்டையிலும் உண்டு. பதினொரு சட்டை. தைத்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. கழுத்தில் நாடா கட்டி ஒரு செல்போன், அது அவர் எங்கே இருக்கிறார் என்று இவள் போனுக்குச் சொல்லும். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

பூரணத்தம்மை எழுத்துக் கூட்டுகிறவள் போல நிதானமாக முழுவதும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணு எழுதிக்கலையா?"

"நான் எதுக்கும்மா தொலையப் போறேன்?"

பூரணத்தம்மை சட்டைப்பையை நீவிவிட்டாள். அவ்வளவுதான்.

மூன்றாவது கோயில் மலைமேல். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. இனி சாயங்காலம்தான் திறப்பு. காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்புவோம் என்று சாகுல் சொன்னபோது, எட்டுக்கே கிளம்பலாம் என்று தான் சொன்னதை வடிவு அவருக்கு நினைவுபடுத்தினாள். ஒருமுறை போதாதென்று இறக்கத்தில் மறுமுறையும். சாகுல் நல்ல மனுஷன். வீட்டில் அவருக்கும் இப்படி ஒருத்தி இருந்தாள். வாயைத் திறக்காமல் வண்டியை அருவிக்குத் திருப்பினார்.

அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குக் கேட்டது. ஒரு மைல் தூரத்திலேயே வண்டிக்குள் அந்த இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. வடிவு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நெய்யருவி ஒரே பாறையில் அகலமாக விழும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். உள்ளே போகிற பாலம் மட்டும் ஒன்று. அதற்கப்புறம் வழி பிரிந்துவிடும். ஆண்கள் இந்தப் பக்கத்து வாசலில் வெளியே வர வேண்டும். பெண்களுக்கு வாசல் பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம், நாற்பது படி மேலே.

பாலத்தில் நின்று வடிவு இதையெல்லாம் பார்த்தாள். பார்த்ததும் முடிவு செய்தாள். குளியல் வேண்டாம். சாகுல் ஒரு குடத்தில் பிடித்துக்கொண்டு வரட்டும், தலையில் தெளித்தால் போதும்.

அப்போதுதான் காந்திமதிநாதன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

மூன்று மாதமாக அவருக்குப் பொத்தான் போட்டு விடுகிறவளும் கழற்றி விடுகிறவளும் வடிவுதான். அவர் விரல்களுக்கு அது மறந்துபோயிருந்தது. இப்போது மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக, ஐந்தையும் அவரே கழற்றினார். கண் அருவியில் இருந்தது. சாரல் பட்டு முகம் நனைந்திருந்தது. சின்னப் பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்க்கிற மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது.

"குளிக்கட்டும்" என்றாள் பூரணத்தம்மை.

"அம்மா, அந்தப் பக்கம் நான் போக முடியாது."

"முடியாதுல்லா" என்றாள் அவளும், ஆமோதிக்கிற மாதிரி.

வடிவுக்குச் சுள்ளென்று வந்தது. பதில்தான் சொல்ல மாட்டாள், பரிதாபமாவது படக் கூடாதா? நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா, என் வாப்பாவை நான்தான் கடைசி வரைக்கும் குளிப்பாட்டினேன் என்று சாகுல் முன்னால் வந்தார். வடிவு அவருக்கு ஏழெட்டுக் கட்டளை இட்டாள். நடுத் தண்ணீருக்குப் போகக் கூடாது. ஓரத்துக் கம்பியை ஒரு கையால் பிடிக்கணும், அவரை ஒரு கையால் பிடிக்கணும். ஐந்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு வினாடி ஆகக் கூடாது. கையை விடச் சொல்லுவார், விடக் கூடாது. திருப்பிச் சொல்லச் சொன்னாள். சாகுல் திருப்பிச் சொன்னார்.

சட்டை, பனியன், மூக்குக் கண்ணாடி, கழுத்துப் போன் எல்லாவற்றையும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இடுப்பில் காவி வேட்டியும் தோளில் சிவப்புத் துண்டுமாக அவர் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்கள் வாசலில் ஒரு கம்பி வேலி. அதைப் பிடித்துக்கொண்டு வடிவு நின்றாள். பக்கத்தில் பூரணத்தம்மை. எண்ணெய் வழிகிற முதுகுகளாக வந்துகொண்டே இருந்தன. எல்லா இடுப்பிலும் காவி. பாதித் தோள்களில் சிவப்புத் துண்டு. நனைந்த தலைகள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. கடவுள் ஆண்களைப் படைத்தபோது அச்சு ஒன்றுதான் வைத்திருந்தார் போலிருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

அந்தச் சிரிப்போடுதான் கையில் இருந்த சட்டையைக் கீழே குனிந்து பார்த்தாள்.

பையில் அட்டை இருந்தது. பெயர், தெரு, ஊர், நம்பர். சட்டைக்கு மேல் போன் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று அது சொல்லும். இங்கே, அவள் நெஞ்சின்மேல் இருக்கிறார் என்று சொல்லும்.

நாலு நாள் உட்கார்ந்து பதினொரு சட்டையில் தைத்தவள், அருவிக்கு யாரும் சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை என்பதை யோசிக்கவில்லை.

"அம்மா" என்றாள். சட்டையைத் தூக்கிக் காட்டினாள். பூரணத்தம்மை திரும்பினாள்.

அதற்குள் விசில் ஊதிவிட்டது.

ஒரு விசில் இல்லை. பாறை உச்சியில் நின்ற காவலர் ஊத, கீழே நின்றவர் ஊத, பெண்கள் பக்கத்திலிருந்தும் ஊத, நாலு பக்கமும் விசில். மேலே காட்டில் மழை. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கண்ணெதிரே தேநீர் நிறத்துக்கு மாறியது. இலையும் சருகுமாக வந்தது. ஒரு மரக்கிளை வந்து பாறையில் மோதித் தெறித்தது. இரைச்சலின் குரலே மாறிப் போயிற்று. அதுவரை மேலே கேட்டது, இப்போது காலுக்கடியில் கேட்டது.

ஆண்கள் ஓடி வந்தார்கள், சிலர் பாலத்து வழியாகவும் வெளியே ஓடினார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு. வடிவு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்த முகத்தையே மறுபடி பார்த்தாள். கூட்டம் மெலிந்தது. கடைசியில் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேருக்கும் பின்னால் சாகுல் வந்தார். தனியாக.

"என் கையிலதான் இருந்தாக, அக்கா." அவருக்கு மூச்சு வாங்கியது. "விசில் ஊதினதும் கூட்டம் வந்து மோதிட்டு. ஒரு நிமிஷம்தான். அவுகளும் கையை விடு விடுன்னு உருவினாக."

வடிவு அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கண்டுதான் சாகுலுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவர் திரும்பி உள்ளே ஓடினார். காவலர் தடுத்தார். யாரும் உள்ளே இல்லை, எல்லாரையும் வெளியேற்றியாகிவிட்டது என்றார். வெளியே இல்லையே என்றாள் வடிவு. எப்படி இருப்பார் என்று காவலர் கேட்டார். காவி வேட்டி, சிவப்புத் துண்டு என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளைச் சுற்றிலும் காவி வேட்டியும் சிவப்புத் துண்டுமாக நூறு பேர் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயரைக் கேட்டார் காவலர். முப்பத்து நாலு வருஷத்தில் அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என்னங்க என்பாள். அதே என்னங்கவை இப்போது கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் வேறு யாருடையவோ புருஷன்மார்.

கடைசியில் சட்டைப்பையை இழுத்துக் காட்டினாள். காவலர் அட்டையைப் படித்து மைக்கில் சொன்னார். காந்திமதிநாதன், அம்பாசமுத்திரம், காந்திமதிநாதன். பெயர் பாறையில் மோதித் திரும்பி வந்தது. ஆள் வரவில்லை.

"பேரைச் சொன்னா அவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுதாங்கன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார் காவலர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

வடிவுக்குக் கோயிலில் அவர் முழித்தது நினைவுக்கு வந்தது. கீழே தண்ணீரைப் பார்த்தாள். தேநீர் நிறம் இப்போது செம்மண் நிறமாகியிருந்தது. அதில் சுழன்றுகொண்டே ஏதோ போயிற்று. கிளை. கிளைதான். இன்னொன்று போயிற்று. அதையும் கிளை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாகுல் வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து கீழே பார்ப்பதைக் கண்டாள். அவர் ஏன் கீழே பார்க்கிறார்? எல்லாரும் ஏன் கீழேயே பார்க்கிறார்கள்?

"நீங்கதானே குளிக்கட்டும்னீங்க" என்றாள்.

பூரணத்தம்மை வேலிப் பக்கம் நகர்ந்தாள்.

"நான் வேண்டாம்னுதான் இருந்தேன். குடத்துல பிடிச்சுத் தெளிச்சிருப்பேன். நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். ஆறு வருஷமா நீங்க சொல்லுததைத்தான் கேக்கேன். இப்ப ஏதாவது சொல்லுங்க."

சொல்லுவாள் என்று நினைத்தாள். நிதானமாக, கீரை ஆய்கிற குரலில், பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று. திரும்பிப் பார்த்தாள். பூரணத்தம்மையின் உதடு வெளுத்திருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு அவளும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, அக்கா."

"அப்ப இத்தனை நாள் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னதெல்லாம்?"

"அதுவும் இருக்கு. பயமும் இருக்கு."

வடிவுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஈரமான கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். பூரணத்தம்மையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் புடவையும் நனைந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாகுல் வண்டிகள் நிற்கிற இடம் வரை ஓடிவிட்டு வந்தார். எண்ணெய் தேய்க்கிறவர்களிடம் கேட்டார். பஜ்ஜிக் கடைகளில் கேட்டார். தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார் காவலர். சொன்னபோது அவர் வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாறையைச் சுற்றிக்கொண்டு மூன்று பெண்கள் ஈரத் தலையோடு இறங்கி வந்தார்கள். அதில் தடியான ஒருத்தி அப்பளம் பொரிகிற மாதிரி பேசிக்கொண்டு வந்தாள். பொம்பளைங்க வாசலில் ஒரு மனுஷன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான், வெட்கம் கெட்டவன், நகரச் சொன்னால் நகர மாட்டேன் என்கிறான், போலீஸ்காரி வந்து அதட்டியும் ஒரு அடி அசையவில்லை, வயசானவன் என்றுதான் சும்மா விட்டார்கள்.

வடிவு எழுந்துவிட்டாள்.

"எப்படி நிக்காரு?" என்று அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்தாள்.

"எப்படி நிப்பான்? முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கான். கையில துண்டைத் தொங்கப் போட்டுக்கிட்டு."

நாற்பது படி. வடிவின் மூட்டு வலி ஊர் அறிந்தது. அந்த நாற்பதையும் அவள் எப்படி ஏறினாள் என்று பின்னால் வந்த பூரணத்தம்மைக்கு விளங்கவில்லை. ஏறுகிற ஒவ்வொரு படியிலும் வடிவுக்கு ஒரு பழைய நாள் துலக்கமாகிக்கொண்டே வந்தது.

கல்யாணமான வருஷம் இங்கே வந்தார்கள். அப்போது துணி மாற்ற அறை கிடையாது. பெண்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு வருவார்கள். வாசலில் புருஷன்மார் வரிசையாக நிற்பார்கள். எல்லாருக்கும் முதுகு பெண்கள் பக்கம். இடது முழங்கையை மடக்கி அதில் மனைவியின் உலர்ந்த புடவை. அவள் பின்னால் வந்து அதை உருவிக்கொள்வாள். உடுத்தி முடித்து, ம் என்கிற வரைக்கும் திரும்பக் கூடாது. அதுதான் அன்றைய நெய்யருவி வழக்கம். இவரும் நின்றார். வருஷா வருஷம் நின்றார். பிள்ளைகள் வளர்ந்து, அறைகள் கட்டி, வருவதே நின்றுபோய் இருபது வருஷம் ஆயிற்று.

காலையிலிருந்து, எந்த இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தும், அவளுக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. ஆண்கள் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆணைத் தேடிப் பெண்கள் வாசலுக்குப் போக யாருக்கும் தோன்றவும் இல்லை.

வாசலில் இப்போது கூட்டம் இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து எல்லாரும் இறங்கியாயிற்று. காந்திமதிநாதன் மட்டும் நின்றார். வெற்று முதுகு. ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. குளிரில் தோள்பட்டை வெடவெடத்தது. இடது முழங்கையை மடக்கி, அதில் சிவப்புத் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார். நன்றாகப் பிழிந்து, சுருக்கம் நீவி, புடவை மாதிரி.

வடிவு அவருக்குப் பின்னால் போய் நின்றாள். ம் என்று சொல்ல நினைத்தாள். சத்தம் வரவில்லை. முன்னால் சுற்றி வந்து நின்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், நனைந்த புடவையைப் பார்த்தார், அவள் நெஞ்சோடு அணைத்திருந்த சட்டையையும் பார்த்தார். தெருவில் வழி விடுகிறவர் போல மரியாதையாக அரை அடி ஒதுங்கினார்.

"நீங்க உள்ள இருந்தா வாரீங்க, தாயி?"

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். பூரணத்தம்மை மேல் படியில் ஏறி நின்றாள்.

"உள்ள என் வீட்டுக்காரி குளிச்சுக்கிட்டு இருக்கா. விசில் சத்தம் கேட்டு பயந்துபோயிருப்பா. வாய்தான் பெருசு, உள்ளுக்குள்ள ரொம்பப் பயந்தவ." அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "உன் வீட்டுக்காரர் வெளியிலதான் நிக்காரு, எங்கயும் போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். நான் உள்ள வரக் கூடாதுல்லா."

வடிவு பூரணத்தம்மையின் பக்கம் திரும்பினாள். ஆறு மாதமாகக் கேட்ட கேள்வி முகத்தில் இருந்தது. வாய் மட்டும் வேறொன்று சொல்லிற்று.

"அம்மா. இவுகளுக்கு என்னைத் தெரியலை."

பூரணத்தம்மை முகத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அது சாரல்தானா என்று சொல்ல முடியவில்லை.

"கேட்டுட்டாகல்லா" என்றாள். "போங்க, அக்கா. போய் உள்ள பயந்துக்கிட்டு இருக்கவகிட்ட சொல்லுங்க, அவுக எங்கயும் போகலைன்னு."

அருவி இரைந்துகொண்டிருந்தது. வடிவு நின்ற இடத்திலேயே நின்றாள்.

காந்திமதிநாதன் மடித்த துண்டை நழுவாமல் சரிசெய்துகொண்டார். மறுபடி முதுகைத் திருப்பினார். திருப்பின பிறகு தோளுக்கு மேலாக, "மறந்துராதீங்க, தாயி" என்றார்.